சிறுதீயும் மரக்கறிச் சூப்பும்

தமிழ் மருத்துவர் மருந்து காய்ச்சும்போது எரியைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என மூவகையாகப் பகுத்தனர். விளக்குச் சுடர்போல் அடங்கி எரியும் சிறுதீயே தீபாக்கினி. மேல்நாட்டுக் குசினிகளிலும் இச்சிறுதீக்கு நெடியதொரு வரலாறு உண்டு. இக்காலத்துக் கடைகளிலே ‘ஸ்லோ குக்கர்’ என்ற பெயரோடு விற்கப்படும் மின்சாரப் பானை அவ்வரலாற்றின் கடைக்குட்டி. காலையிலே பார்லியும் பட்டாணியும் கரட்டும் லீக்சும் உருளைக்கிழங்கும் அதனுள் இட்டு, நீர் வார்த்து மூடிவிட்டுத் தொழிலுக்குச் செல்பவர், மாலையிலே வீடு திரும்பும்போது கெட்டியான மரக்கறிச் சூப்பு ஆயத்தமாயிருக்கக் காண்பார். பானையைக் கிண்டுவாரும் வேண்டியதில்லை, காவலிருப்பாரும் வேண்டியதில்லை.

எளிமையாகத் தோன்றும் இப்பானையின் பின்னே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பசியும், விறகுத் தட்டுப்பாடும், விஞ்ஞான ஆராய்ச்சியும், தரும சிந்தனையும் ஒருங்கே நிற்கின்றன. அவ்வரலாற்றிலே இரண்டு வினாக்கள் தொடர்ந்து ஒலிக்கின்றன. எவ்வளவு குறைந்த நெருப்பிலே ஒரு பானையை வேகவைக்கலாம் என்பது ஒன்று. எவ்வளவு குறைந்த தானியத்திலே ஒரு மனிதனின் பசியை ஆற்றலாம் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விஞ்ஞானம் செம்மையான விடை கண்டது. இரண்டாம் வினாவுக்கு விடை தேடியவர்களோ சிலவேளைகளில் பெரும் பிழை செய்தனர். நெருப்பைச் சிக்கனப்படுத்துதல் வேறு, உணவைச் சிக்கனப்படுத்துதல் வேறு என்ற உண்மையை மக்கள் விலை கொடுத்தே கற்க வேண்டியதாயிற்று.

இவ்விரு வினாக்களையும் ஒருசேர ஆராய்ந்தவர் றம்போட் பிரபு. பெஞ்சமின் தொம்சன் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1753ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாகாணத்திலுள்ள வோபேண் என்னும் ஊரிலே பிறந்தார். அமெரிக்க சுதந்திரப் போரிலே ஆங்கிலேய அரசின் பக்கம் நின்றமையால் தாயகத்தை விட்டு 1776இல் இலண்டன் சேர்ந்தார். பின்னர் யேர்மனியின் தென்பகுதியிலுள்ள பவேரியாவுக்குச் சென்று, அந்நாட்டை ஆண்ட கார்ல் தியோடரின் சேவையில் அமர்ந்தார். படையைச் சீர்திருத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைநகரான மியூனிக்கிலே அவரை வருத்திய காட்சி பிச்சைக்காரரின் பெருக்கமாகும். அறுபதினாயிரம் மக்கள் வாழ்ந்த அந்நகரிலே, ஒரு வாரத்துக்குள் பதியப்பட்ட பிச்சைக்காரரின் தொகை 2,600 என்று அவரே எழுதி வைத்துள்ளார்.

1790ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி, புத்தாண்டுத் தருமத்தை நாடிப் பிச்சைக்காரர் தெருக்களிலே திரண்டிருந்தனர். அன்று காலையில் றம்போட் படைத்தலைவர்களையும் நகர அதிகாரிகளையும் உடனழைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். முதலில் எதிர்ப்பட்ட பிச்சைக்காரன்மீது தாமே கையை வைத்தார். படையினருக்கு வேண்டிய உடைகளை நெய்தற்கென ஆவு என்னும் புறநகரிலே அமைக்கப்பட்டிருந்த தொழில் இல்லத்துக்கு அவர்கள் வருவிக்கப்பட்டனர். ‘இங்கே பிச்சை வாங்கப்படமாட்டாது’ என்ற பொருள்படும் வாசகம் அதன் வாயிலின்மேல் பொன்னெழுத்திலே பொறிக்கப்பட்டிருந்தது. அங்கு நூல் நூற்றோருக்கும் கம்பளி பதப்படுத்தியோருக்கும் கூலி கிடைத்தது. வெப்பமான கூடமும் நண்பகல் உணவும் கிடைத்தன. இம்முயற்சியிலே படைக் கட்டளையின் கடுமை இருந்தது என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும், பசித்தவனைப் பழிப்பதற்கு முன்னர் அவன் வயிற்றை நிரப்புதல் வேண்டும் என்ற தெளிவும் அதிலே இருந்தது.

ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நாள்தோறும் சூடான உணவு வழங்குதல் எளிய செயலன்று. இறைச்சி விலை கூடியது, விறகும் அவ்வாறே. எனவே றம்போட் பல வகைப் பொருள்களைச் சமைத்து, நிறுத்து, கணக்கிட்டுப் பார்த்து, இறுதியிலே ஒரு சூப்பைத் தேர்ந்தெடுத்தார். பார்லி, பட்டாணி, உலர்ந்த கோதுமைப் பாண் துண்டுகள், உப்பு, வினாகிரி, நீர் என்பனவே அதன் கூறுகள். சுமார் 1,200 பேருக்கென அவர் குறித்துள்ள கணக்கு இன்றும் படித்தற்குரியது. பார்லி 141 இறாத்தல். பட்டாணி 131 இறாத்தல். பாண் ஏறத்தாழ 70 இறாத்தல். நீர் 1,077 இறாத்தல். ஒருவருக்குக் கிடைத்த பங்கு ஒன்றேகால் இறாத்தல் சூப்பு. அதனோடு ஏழு அவுன்சு ‘றை’ தானியப் பாணும் வழங்கப்பட்டது. பலர் அப்பாணை அங்கு உண்ணாது வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

சமைக்கும் முறையிலே றம்போட் காட்டிய கவனம் வியப்பூட்டுவது. முதலில் நீரும் பார்லியும் கொதிக்க வைக்கப்படும். பின்னர் பட்டாணி சேர்க்கப்பட்டு, சிறுதீயிலே சுமார் இரண்டு மணி நேரம் வேகும். பிற்காலத்திலே தானியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக உருளைக்கிழங்கு சேர்க்கப்பட்டபோது, அது தோலுரிக்கப்பட்டு இடப்பட்டு மேலும் ஒரு மணி நேரம் வெந்தது. அதன் பின்னரே உப்பும் வினாகிரியும் சேரும். பாண் துண்டுகள் பரிமாறும் வேளையிலே மாத்திரம் இடப்படும். பாண் நன்றாக உலர்ந்து கடினமாக இருத்தல் வேண்டுமென்பது அவர் கட்டளை. மெல்ல வேண்டிய உணவு மெதுவாக உண்ணப்படும். மெதுவாக உண்ணப்படும் உணவின் இன்பம் நீடிக்கும் என்பது அவர் கண்ட காரணம். ஏழைக்கு உணவிலே இன்பமும் வேண்டும் என்று எண்ணிய தரும சிந்தனையாளர் அக்காலத்திலே மிகச் சிலரே.

உருளைக்கிழங்கு அப்பானைக்குள் புகுந்த கதை சுவையானது. பவேரிய மக்கள் அக்காலத்திலே அக்கிழங்கை வெறுத்தனர். ஆதலால் றம்போட் அதனைத் திருட்டுத்தனமாகவே சேர்க்க வேண்டியிருந்தது. பிறர் காணாத ஓர் அறையிலே கிழங்கை அவித்து, உருவம் தெரியாதபடி கரைந்து மசியச் செய்து, சூப்பிலே கலக்குவித்தார். சூப்பின் சுவை முன்னையினும் நன்றாயிருப்பதாக உண்டவர்கள் புகழ்ந்தனர். உண்மை வெளிப்பட்ட பின்னரும் எவரும் மறுக்கவில்லை. சிறுதீயிலே நெடுநேரம் வேகும் பானை, வேறுபட்ட பொருள்களை ஒன்றாக்கி வெறுப்பையும் கரைத்துவிடும் ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

றம்போட் சிறந்த பௌதிக அறிஞர். மியூனிக் ஆயுதசாலையிலே பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது எழுந்த வெப்பத்தை ஆராய்ந்து, வெப்பம் என்பது ஒரு திரவப்பொருளன்று, இயக்கத்தின் விளைவே என்று 1798இலே வாதித்தவர் அவர். அவ்வறிஞரின் கண் அடுப்பையும் ஆராய்ந்தது. அக்காலத்துக் குசினிகளிலே திறந்த அடுப்பில் விறகைக் குவித்து எரிப்பதே வழக்கம். வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வெளியேறியது. றம்போட் நெருப்பைச் செங்கற் சுவருக்குள் அடைத்தார்; பானையை அச்சுவரினுள் பதித்தார்; காற்று நுழையும் வழியை அடைப்புக் கொண்டு கூட்டவும் குறைக்கவும் செய்தார்.

அவர் வற்புறுத்திய மற்றோர் உண்மையைச் சமையல் செய்வோர் பலர் இன்றும் மறந்துவிடுகின்றனர். திறந்த பானையில் நீர் கொதிக்கத் தொடங்கியபின் எவ்வளவு விறகை எரித்தாலும் நீரின் சூடு உயர்வதில்லை. கடற்கரை மட்டத்திலே அது 100 பாகை செல்சியசில் நின்றுவிடும். கூடுதலான நெருப்பு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். கிழங்கும் தானியமும் வேகுவது சூட்டினாலேயன்றிக் குமிழிகளின் ஆரவாரத்தினாலன்று. இற்றைக் கணக்கின்படி, ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொணர 70 கலோரி வெப்பம் போதும்; கொதிக்கும் அந்நீரை ஆவியாக்கவோ 540 கலோரி வேண்டும். இது முன்னையதிலும் ஏழு மடங்குக்கு மேற்பட்டது. துள்ளிக் கொதிக்கும் பானையிலே எரியும் விறகு வீணே காற்றிலே கலக்கிறது என்று றம்போட் கூறியதன் பொருள் இதுவே.

தற்செயலாக நேர்ந்த ஒரு சம்பவமும் அவருக்கு வழிகாட்டியது. உருளைக்கிழங்கை உலர்த்தற்கென அவர் அமைத்த கருவியொன்றிலே ஆட்டிறைச்சியின் முன்தொடையை வைத்து, அஃது அங்கே வேகுமோ எனச் சோதித்தார். மூன்று மணி நேரமாகியும் வேகாமையால், நெருப்பின் வலிமை போதாதென்று கருதி முயற்சியைக் கைவிட்டார். குசினிப் பெண்கள் அவ்விறைச்சியை அக்கருவியினுள்ளேயே விட்டுவிட்டு இரவு உறங்கச் சென்றனர். மறுநாட் காலையிலே திறந்து பார்த்தபோது அது மிக நன்றாக வெந்து, சாறு வற்றாது, மென்மையாகவும் சுவையாகவும் இருந்தது. குறைந்த சூடும் நெடிய நேரமும் கூடினால் பெருநெருப்பின் வேலை அதனினும் செம்மையாக நிறைவேறும் என்பதை அவர் அன்று கண்டார். இக்காலத்து மின்சாரப் பானையின் தத்துவம் இதுவன்றி வேறில்லை.

இவ்வளவு நுட்பமாக நெருப்பை அறிந்த றம்போட் உணவைப் பற்றிய ஒரு கொள்கையிலே தவறினார். அக்கால இரசாயனவியலார் நீரைக் கூறுபடுத்திக் காட்டியிருந்தனர். தாவரங்கள் நீரால் வளர்வதும் யாவரும் அறிந்ததே. இவற்றைக் கொண்டு, நெடுநேரம் தானியத்தோடு வெந்த நீர்தானும் உடலுக்கு ஊட்டமாகின்றது என்று அவர் கருதினார். சிறிதளவு திண்பொருள் பெரும்பசியைத் தணிப்பதற்கு அதுவே காரணம் என்பது அவர் முடிவு. நீரிலே ஊட்டச்சத்து இல்லை என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பார்லியின் மாப்பொருளும் பசைப்பொருளும் நீரைத் தம்முள் வாங்கித் தடிக்கின்றன. தடித்த சூப்பு இரைப்பையிலே தங்கிப் பசியை ஓரளவு அடக்குகின்றது. பசி அடங்குதல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு. எனினும் றம்போட்டின் பிழை அவருடைய பானையைக் கெடுக்கவில்லை. நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு பார்லியும் பட்டாணியும் அதிலே இருந்தன. தலைக்கு மூன்றரை அவுன்சுக்குச் சற்று மேற்பட்ட தானியமும் பருப்பும் கிடைத்தன. இற்றை அளவைப்படி ஒரு பங்குச் சூப்பு ஏறத்தாழ 400 கிலோகலோரி தரும். கொள்கை பிழைத்தது, அகப்பை பிழைக்கவில்லை.

1796 முதல் றம்போட்டின் கட்டுரைகள் இலண்டனிலே அச்சாயின. போரும் விளைச்சற் குறைவும் ஐரோப்பாவை வாட்டிய அக்காலத்திலே அவருடைய சூப்பு பல நகரங்களுக்கும் பரவியது. பாரிசு, செனீவா, இலண்டன் ஆகிய இடங்களிலே சூப்புச் சாலைகள் எழுந்தன. 1814ஆம் ஆண்டிலே பாரிசுக்கு அருகே றம்போட் மறைந்தார். அவருக்குப் பின்னர், சூப்புச் சாலையின் பெயரைத் துயரத்தோடு பிணைத்த நாடு அயர்லாந்து.

அயர்லாந்தின் ஏழைக் குடியானவர் உருளைக்கிழங்கொன்றையே நம்பி வாழ்ந்தனர். 1845இலே அக்கிழங்குச் செடிகளைக் கருகல் நோய் தாக்கியது. 1846இலே விளைச்சல் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. தெருவமைக்கும் வேலைகளைக் கொடுத்து மக்களைக் காக்க அரசாங்கம் செய்த முயற்சி தோல்வியுற்றது; பட்டினியால் மெலிந்தவர்கள் மாரிக்குளிரிலே கல்லுடைத்து மடிந்தனர். 1847இன் தொடக்கத்திலே, விலையின்றிச் சமைத்த உணவை வழங்குவதற்கான சட்டம் இயற்றப்பட்டது. மக்கள் அதனைச் ‘சூப்புச்சாலைச் சட்டம்’ என்றே அழைத்தனர்.

அவ்வேளையிலே டப்ளின் நகருக்கு அழைக்கப்பட்டவர் அலெக்சிஸ் சொயர். பிரான்சிலே பிறந்து, இலண்டனிலுள்ள சீர்திருத்தக் கழகத்தின் தலைமைச் சமையற்காரராக விளங்கிப் பெரும்புகழ் பெற்றவர் அவர். பிரபுக்களின் விருந்துகளை ஆக்கிய கை ஏழைகளின் சூப்பையும் ஆக்க முன்வந்தது. 1847 ஏப்பிரில் 5ஆந் திகதி, டப்ளின் படைவீட்டருகே அவருடைய மாதிரிக் குசினி திறக்கப்பட்டது. நடுவிலே 300 கலன் கொள்ளும் கொதிகலம் நின்றது. மணி அடித்ததும் நூறு பேர் உள்ளே வந்து வரிசையாக அமர்வர். அவர்கள்முன் சூப்புக் கிண்ணங்கள் மேசையிலே பதிக்கப்பட்டிருக்கும்; கரண்டிகள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருக்கும். உண்டு முடிந்ததும் கிண்ணங்கள் துடைக்கப்படும். மணி மறுபடியும் அடிக்கும். அடுத்த நூறு பேர் நுழைவர். நாள்தோறும் பல்லாயிரவர் அங்கே உண்டனர். திறப்புநாளிலே செல்வர்களும் சீமாட்டிகளும் வந்து அக்காட்சியைக் கண்டு சென்றனர். பசித்தவன் உண்பதைப் பிறர் வேடிக்கை பார்த்தது பல ஐரிசு நெஞ்சங்களிலே ஆறாத புண்ணாயிற்று.

சொயரின் ஒழுங்கமைப்புத் திறனையும் நல்லெண்ணத்தையும் எவரும் மறுத்தற்கில்லை. குறை சூப்பின் உள்ளேயே இருந்தது. அவர் வெளியிட்ட முதலாவது முறையின்படி, இரண்டு கலன் நீருக்குச் சேரும் பொருள்கள் மாட்டிறைச்சி கால் இறாத்தல், கொழுப்பு இரண்டு அவுன்சு, கோதுமை மா அரை இறாத்தல், பார்லி அரை இறாத்தல், சிறிதளவு வெங்காயமும் பிற மரக்கறிகளும், உப்பு, சிறிது சருக்கரை என்பனவாம். இரண்டு கலன் நீரின் நிறை இருபது இறாத்தல். எனவே இருபது பங்கு நீருக்கு ஒரு பங்கு தானியமே இருந்தது. மியூனிக்கின் பங்கான ஒன்றேகால் இறாத்தலை டப்ளின் பானையிலிருந்து எடுத்து நிறுத்திருந்தால், அதிலே ஒரு அவுன்சுக்கும் குறைந்த தானியமே கிடைத்திருக்கும். பார்லி ஒன்றே, சிறுதீ ஒன்றே, நெடுநேரம் வேகவைக்கும் முறையும் ஒன்றே. ஆயினும் ஒரு பானை உணவாயிற்று. மற்றது உணவின் நிழலாயிற்று.

இதனை அக்காலத்தவர் உணராமலில்லை. இலண்டனிலிருந்து வெளிவந்த ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழ் இச்சூப்பை வன்மையாகக் கண்டித்தது. வயிறு நிரம்புவதும் உடல் வலுப்பெறுவதும் ஒன்றல்ல என்றும், வயிற்றுக்கழிச்சலால் நலிந்தவர்க்கு நீர்த்த உணவு தீங்கு செய்யும் என்றும் மருத்துவர் எச்சரித்தனர். சூப்போடு வழங்கப்பட்ட கால் இறாத்தல் பாண்தான் டப்ளினிலே உண்டவருக்குச் சிறிது வலுவைத் தந்தது.

வரலாற்றை எழுதுவோர் இங்கே நடுவுநிலை தவறலாகாது. சொயரின் குசினி ஒரு மாதிரியே. நாடெங்கும் அமைந்த சூப்புச் சாலைகளின் தரம் இடத்துக்கிடம் வேறுபட்டது. சில இடங்களிலே சோளமாவும் அரிசியும் சேர்ந்த கெட்டியான கூழ் கிடைத்தது. 1847 யூலை மாதத்திலே நாளொன்றுக்கு முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இச்சட்டத்தின்கீழ் உணவு பெற்றனர். பஞ்சகாலம் முழுவதிலும் அரசாங்கம் செய்த உதவிகளுள் மிகுதியான உயிர்களைக் காத்தது இதுவே என்று வரலாற்றறிஞர் கருதுகின்றனர். எனினும் செப்தெம்பர் முடிவுக்குள் அப்பானைகளின் கீழ் எரிந்த நெருப்பு அணைக்கப்பட்டது. ஏழைகளைக் காக்கும் செலவை உள்ளூர் வரியே தாங்கவேண்டும் என்ற கொள்கை மேலோங்கியது. பஞ்சம் தீருமுன் அயர்லாந்து ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்களைச் சாவுக்குப் பறிகொடுத்தது; அதனினும் மிகுதியானோர் கப்பலேறினர். பானையிலே நீரைக் கூட்டியது ஒரு பிழை; பசி தீருமுன் பானையை இறக்கியது அதனினும் பெரும்பிழை.

சிறுதீயின் கலை பஞ்சசாலைகளோடு நின்றுவிடவில்லை. 1867ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியிலே நோர்வே நாட்டவரான சோரன்சன் என்பவர் நெருப்பின்றிச் சமைக்கும் பெட்டியொன்றைக் காட்டினார். கொதித்த பானையை அடுப்பினின்று இறக்கி, கம்பளித் தகடு பொதிந்த பெட்டியினுள் வைத்து மூடிவிட்டால், உள்ளிருந்த சூடே எஞ்சிய வேகலை முடித்துவிடும். செல்வமில்லாதோர் கம்பளிக்குப் பதிலாக வைக்கோலைத் திணித்தனர். இரண்டு உலகப்போர்களின்போதும் எரிபொருள் அருமையான நாடுகளிலே வைக்கோற் பெட்டிகள் பெருவழக்காயின. காலையிலே பத்து நிமிடம் கொதித்த மரக்கறிச் சூப்பு, பெட்டியினுள் வெந்து மாலைவரை சூடாயிருந்தது.

சிறுதீக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது ஒரு யூதக் குடும்பத்தின் நினைவு வழியாகவாகும். யூதரின் ஓய்வு நாள் வெள்ளிக்கிழமை ஞாயிறு மறைவோடு தொடங்குகின்றது. அன்று நெருப்பு மூட்டுதல் அவர்கள் மறைக்கு மாறானது. எனவே, மறுநாள் நண்பகலிலே சூடான உணவு உண்ண விரும்பிய கிழக்கு ஐரோப்பிய யூதர், அவரையும் பார்லியும் கிழங்கும், வசதியுள்ளோர் இறைச்சியும் இட்ட பானையை வெள்ளி மாலைக்கு முன்னரே பாண் சுடுபவரின் போறணையிலே வைத்துவிடுவர். பாண் சுட்டு முடிந்தபின் போறணையிலே எஞ்சிய சூடு இரவு முழுவதும் மெல்லத் தணியும். பானை மெல்ல வேகும். அவ்வுணவின் பெயர் சோலன்ற்.

இர்விங் நக்சன் என்பவர் 1902இலே அமெரிக்காவின் நியூ யேர்சி மாகாணத்திலே பிறந்த பொறியியலாளர். லிதுவேனியாவின் வில்னியசு நகரை அடுத்த சிற்றூரிலே தம் பாட்டியார் சோலன்ற் பானையைப் போறணைக்கு அனுப்பிய கதையைத் தாயார் அவருக்குச் சொல்லியிருந்தார். போறணையின் மெல்லிய சூட்டை ஒரு சிறு கலத்துக்குள் அமைக்க முடியாதோ என அவர் சிந்தித்தார். வெப்பக்கம்பியைப் பானையின் அடியிலே மாத்திரம் வையாது, பானையைச் சூழ்ந்த உறையினுள் சுற்றி அமைத்தார். அதனால் அடிப்பிடித்தலின்றி எப்பக்கமும் சீரான சூடு பரவியது. 1936இலே விண்ணப்பித்த அவருக்கு 1940 சனவரியிலே காப்புரிமை கிடைத்தது. அவரை வேகவைக்கும் கருவியாக அது சிறிதளவே விற்பனையாயிற்று. 1970இலே றைவல் என்னும் கம்பனி அவருடைய தொழிலை வாங்கியது. 1971இலே ‘குறொக் பொற்’ என்ற பெயரோடு அப்பானை புதுக்கோலம் பூண்டு சந்தைக்கு வந்தது. மனைவியரும் வேலைக்குச் செல்லத் தொடங்கிய குடும்பங்கள் அதனை விரும்பி ஏற்றன. 1973இலே எண்ணெய் விலை ஏறியபோது குறைந்த மின்சாரத்திலே வேகும் பானையின் அருமை மேலும் புலப்பட்டது. விறகைச் சேமிக்கப் பிறந்த கலை இப்போது மனிதரின் நேரத்தையும் சேமிக்கலாயிற்று.

இன்று ஒரு வீட்டிலே இவ்வகைப் பானையில் மரக்கறிச் சூப்பு ஆக்குபவர், தம்மை அறியாமலே இவ்வரலாற்றைத் திரும்ப நடத்துகின்றார். பார்லி ஒரு கோப்பை, பிளந்த பட்டாணி ஒரு கோப்பை, நீர் எட்டுக் கோப்பை என்ற அளவு றம்போட்டின் பானைக்கு நெருங்கியது. கிழங்கையும் கரட்டையும் சிறு துண்டுகளாக்கி, சூடு மிகுந்த அடியிலும் ஓரத்திலும் இடுதல் நன்று. இவ்வேர்க்காய்களின் அணுச்சுவர்களைப் பிணைக்கும் பசை 85 பாகையளவிலேயே நன்றாக இளகத் தொடங்கும். பானையோ அந்நிலையை மெதுவாகவே எய்தும். லீக்சு, வெங்காயம், செலரி என்பன மேலே அமையலாம். கோவா போன்ற இலைவகைகளைக் கடைசி ஒரு மணி நேரத்திலே சேர்த்தால் நிறமும் மணமும் கெடா. குறைந்த சூட்டிலே எட்டு மணி நேரம் வேகும். இடையிடையே மூடியைத் திறந்து பார்த்தல் சேர்த்துவைத்த ஆவியைப் பறக்கவிட்டு வேகும் நேரத்தை நீட்டுவதாகும்.

புளிப்பைக் கடைசியிலே சேர்க்கவேண்டும். வினாகிரியையோ தக்காளியையோ தொடக்கத்திலேயே இட்டால் கிழங்கும் பருப்பும் எளிதில் மென்மையாகா. வினாகிரியைப் பிந்திச் சேர்க்கும்படி றம்போட் விதித்த ஒழுங்கு இன்றைய இரசாயனவியலுக்கும் ஒத்ததே. மற்றொன்றிலே எச்சரிக்கை வேண்டும். சிவப்புப் பெருஅவரையிலே, ‘இராச்மா’ எனப்படும் வகையிலே, வயிற்றைக் கலக்கும் நச்சுப்பொருள் ஒன்றுண்டு. சிறுதீ அதனை அழிக்கமாட்டாது. அவ்வவரையை ஊறவைத்து, அந்நீரை வடித்து, புதுநீரிலே குறைந்தது பத்து நிமிடமாவது நன்கு கொதிக்க வைத்த பின்னரே பானையிலே இடுதல் வேண்டும். சிறுதீ எல்லாவற்றையும் செய்ய வல்லது அன்று. சில வேளைகளிலே கொதிப்பும் வேண்டும். எஞ்சிய சூப்பை விரைவாக ஆறவைத்துக் குளிரூட்டியிலே வைத்தலும் இன்றியமையாதது. இளஞ்சூட்டிலே நெடுநேரம் கிடக்கும் உணவிலே கிருமிகள் பெருகும்.

மியூனிக்கின் செங்கல் அடுப்பும், டப்ளினின் கொதிகலமும், வில்னியசின் போறணையும், இக்கால மின்சாரப் பானையும் ஒரே கலையின் பல வடிவங்கள். குறைந்த சூடும் நிறைந்த பொறுமையும் கடினமானதை மென்மையாக்கும். தானியத்துள் மறைந்த சத்தை வெளிக்கொணரும். எளிய பொருள்களிலும் சுவையைப் பிறப்பிக்கும். ஆனால் பானையிலே இடப்படாத ஒன்றை எந்த நெருப்பும் வெளிக்கொணராது. நெருப்பை அளந்து எரிப்பவன் அறிஞன். பசித்தவனுக்குத் தானியத்தையும் அவ்வாறே அளந்து குறைப்பவன், எத்துணைத் திறமையுடையவனாயினும், அவனுக்கு அளிப்பது வெந்நீரே. சூப்பின் பெருமை அது வெந்த நேரத்திலே பாதி. அகப்பையிலே தட்டுப்படும் பார்லியிலே மறுபாதி.